மரித்தோருக்கு எழுதும் கடிதம்

ஒரு வெள்ளைத் தாள். அதன் தலைப்பில் ஒரு பெயர். பெயரை அடுத்து, நம் தமிழின் ‘கு’ உருபைப் போன்று பயன்படும் ஓர் எழுத்து. அவ்வளவுதான். ‘மோமோவுக்கு’ என்று தொடங்கிய அந்தக் கடிதம் அடுத்த சொல்லுக்குச் செல்லவில்லை. எழுதத் தொடங்கிய தந்தை கடலில் மாண்டுபோனார். அவர் எழுத நினைத்தது என்ன என்பதை அறிய வழியின்றி, அத்தாளை மடித்தும் விரித்தும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் பதினோரு வயது மகள்.

‘மோமோவுக்கு ஒரு கடிதம்’ என்னும் ஜப்பானிய அனிமேஷன் படத்தின் கரு இதுவே. ஹிரோயூக்கி ஒக்கியூரா என்பவர் எழுதி இயக்கிய இப்படம் 2011-இல் டொரொன்டோ திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. 2012 ஏப்ரலில் ஜப்பானில் வெளியாயிற்று. இதை உருவாக்க ஏழாண்டுகள் ஆயினவாம். கார்ட்டூன் என்றாலே குழந்தைகளைச் சற்று நேரம் அமைதியாக உட்காரவைக்கும் கருவி என்று எண்ணிப் பழகிவிட்ட நாம், இரண்டு மணி நேரம் ஓடும் இப்படத்தை இல்லத்தாரோடு அமர்ந்து பார்க்கத் தொடங்கினால், பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருக்கும் இடங்களில் பெரியவர்கள் வாய்மூடிப் போவதைக் காண்போம். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

மோமோவின் துயரம் தந்தையை இழந்த துயரம் மட்டுமன்று. அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறி வேலைக்குப் புறப்பட்டார் தந்தை. ஆத்திரத்தில் மகள், இனித் திரும்பி வரவே வேண்டாம் என்று கத்திவிடுகிறாள். அவர் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் சினத்தில் சொல்லும் சொல் பெரும்பாலும் மாலைக்குள் மறைந்துபோகும். வீடு திரும்பும் தந்தையின் காலடி ஓசையே அதை அழித்துவிடும். மோமோ சொன்ன சொல்லை அழிக்க அந்தக் காலடி ஓசை வரவில்லை. ஆகவே அச்சொல் அவளுடைய உள்ளத்தில் கல்லாய்க் கிடக்கிறது. தாளிலுள்ள வெற்றிடத்தில் தந்தை தன்னைக் கடிந்துகொள்ளத்தான் நினைத்தாரோ என்ற அச்சம் அவளுக்கு.

இங்கே ஓர் அறநெறிக் கேள்வி எழுகிறது. மரித்தவரிடம் மன்னிப்புப் பெற முடியுமா? தவறிழைக்கப்பட்டவரே மன்னிக்க உரிமை உடையவர் என்பது நேர்மையான கொள்கை. என் வீட்டில் திருடியவனை அடுத்த வீட்டுக்காரர் மன்னித்துவிட்டதாகச் சொன்னால் நாம் ஏற்போமா? அவ்வாறாயின், தந்தையிடம் பேசிய சொல்லுக்குத் தாய் மன்னிப்பு வழங்க இயலாது. ஊரார் வழங்க இயலாது. ‘அவர் அதையெல்லாம் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்’ என்று ஆறுதல் சொல்லுகிறோமே, அது அன்பான பேச்சுதான். ஆனால் அவருக்காகப் பேசும் அதிகாரத்தை நமக்குத் தந்தவர் யார்?

இக்கேள்வி எனக்கு ஏட்டளவில் பிறந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன், பூர்வீக வீட்டைப் பங்கிடுவது தொடர்பாக என் அண்ணனோடு தொலைபேசியில் வாக்குவாதம் முற்றி, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தொடர்பைத் துண்டித்தேன். எட்டு மாதங்கள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பின்னர் ஓர் இரவில் அண்ணி அழைத்தார். அடக்கத்திற்குப் பிறகு ஒப்புரவு அருட்சாதனம் பெற்றேன். குருவானவர் பொறுமையோடு கேட்டு, பாவமன்னிப்பு வழங்கினார். கடவுள் மன்னித்தார் என்பதை அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் அண்ணன் மன்னித்தாரா? காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனோடு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பிக்கிறார். கல்லறைத் தோட்டத்திற்கன்றி வேறெங்கும் போக வழியில்லாதவன் என்ன செய்வான்?

மீண்டும் படத்திற்கு வருவோம். தோக்கியோ நகர வாழ்வை விட்டுவிட்டு, தாய் இக்குகோ தான் இளமையில் வாழ்ந்த ஷியோ என்னும் தீவுக்கு மகளை அழைத்து வருகிறாள். ஷியோ கற்பனைத் தீவு. ஆயினும் ஹிரோஷிமா மாநிலத்தைச் சேர்ந்த, செத்தோ உள்நாட்டுக் கடலிலுள்ள ஒசாக்கி ஷிமோஜிமா தீவைப் பார்த்தே அது வரையப்பட்டதென்பர். மலைச்சரிவெல்லாம் ஆரஞ்சுத் தோட்டம். சந்தடியற்ற சிறு துறைமுகம். முதியவர்களே மிகுந்த தெருக்கள். அத்தீவில் வந்திறங்கும்போது வானிலிருந்து மூன்று நீர்த்துளிகள் மோமோவைத் தேடி வந்து விழுகின்றன. பின்னர் அவை பழைய வீட்டின் பரணில் கிடந்த ஒரு படநூலுக்குள் நுழைந்து, அதிலுள்ள பூதங்களின் உருவைப் பெறுகின்றன. இவா, கவா, மாமே என்பன அவற்றின் பெயர்கள். மோமோவின் கண்ணுக்கு அவை தெரிகின்றன.

இந்தப் பூதங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஜப்பானியர் இவற்றை ‘யோக்காய்’ என்பர். ஆற்றிலும் மலைப்பாதையிலும் பழைய வீட்டுக் கூரையிலும் உலவுவதாக நாட்டுப்புறத்தார் நம்பிய பல்வகை உருவங்களுக்கான பொதுப்பெயர் இது. தொரியாமா செக்கியேன் என்னும் ஓவியர் 1776-இல் இவற்றை ஒவ்வொன்றாக வரைந்து நூலாக வெளியிட்டார். அதே காலத்தில் எதோ நகரில் (இன்றைய தோக்கியோ) மஞ்சள் அட்டையிட்ட மலிவான படக்கதை நூல்கள் வேடிக்கைக்காக விற்கப்பட்டன; பரணில் மோமோ காண்பது அவ்வகை நூலையே. 1910-இல் யனாகிதா குனியோ என்னும் அறிஞர், தோனோ என்ற வட்டாரத்து மக்களின் வாய்மொழிக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டபின் கல்விமான்களும் இவற்றைக் கருத்தூன்றிப் பயிலத் தொடங்கினர். இவை நாம் சொல்லும் பொருளில் பிசாசுகள் அல்ல. அச்சுறுத்துவன உண்டு, குறும்பு செய்வன உண்டு, சும்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பனவும் உண்டு.

கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குப் பூதக்கதையைக் காட்டலாமா என்று கேட்போரை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் இப்படத்தின் பூதங்கள் செய்யும் வேலையைப் பாருங்கள். மறைந்தவர் மேலுலகம் சென்றடையும்வரை அவருடைய குடும்பத்தைக் காத்திருப்பதும், நடப்பதை மேலே அறிவிப்பதும் அவற்றின் கடமை. இடையில் அடங்காத பசி. தோட்டத்துக் காய்கறிகளைத் திருடித் தின்கின்றன. முகமோ அருவருப்பானது. நம் இல்லங்களில் முன்பெல்லாம் ஒரு படம் தொங்கும்: உடைந்த மரப்பாலத்தில் இரு குழந்தைகள் நடக்க, பின்னால் வெண்சிறகு விரித்த காவல் சம்மனசானவர் கைநீட்டிக் காத்து நிற்பார். சிறுவனாயிருந்தபோது அதை எத்தனையோ இரவுகள் பார்த்தவாறே உறங்கியிருக்கிறேன். அந்தச் சம்மனசானவரின் அழகோடு இந்த மூன்று திருட்டுப் பூதங்களை ஒப்பிட மனம் வராது. இருந்தபோதிலும் இப்படத்திலும் ஒரு பாலம் வருகிறது.

இக்குகோ மகளுக்கு முன் சிரித்த முகத்தோடே நடமாடுகிறாள். தாய் தந்தையை மறந்துவிட்டாள் என்று மோமோ நினைக்கிறாள். தாயும் தனிமையில் அழுகிறாள் என்பதையும், மகள் நொறுங்கிவிடக் கூடாதென்றே முகத்தில் சிரிப்பை அணிந்திருக்கிறாள் என்பதையும் அவள் அறியவில்லை. ஒரே இழப்பு, ஒரே கூரை, இருவரும் தனித்தனியே துயருறுகிறார்கள். நம் வீடுகளிலும் இப்படி நடக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? இறுதியில் இருவருக்கும் இடையே சண்டை மூளுகிறது. மோமோ வீட்டைவிட்டு ஓடுகிறாள். அவளைத் தேடி அலைந்த தாய்க்குப் பழைய ஆஸ்துமா நோய் திரும்பி மூச்சு முட்டுகிறது. அன்றைக்குப் பார்த்துப் புயல். மருத்துவரோ பாலத்துக்கு அப்பால். தந்தையிடம் சொன்ன கடைசிச் சொல்லைப் போலவே தாயிடமும் ஒரு கடைசிச் சொல் தங்கிவிடும் நிலை.

மோமோ மழையில் இறங்கி ஓடுகிறாள். தாயின் இளமைக்கால நண்பரான தபால்காரர் தம் மோட்டார் சைக்கிளில் அவளை ஏற்றிக்கொள்ளுகிறார். பாலத்தின்மேல் காற்று அவர்களைத் தூக்கி எறியப் பார்க்கும்போது, தீவெங்குமுள்ள பூதங்கள் திரண்டு வந்து, உடலோடு உடல் பின்னி, ஒரு சுரங்கவழியைப் போல அவர்களைச் சூழ்ந்து நிற்கின்றன. அதனூடே வண்டி செல்கிறது. அக்காட்சியைப் பார்த்தபோது என் இளமைக்காலத்துப் படம்தான் நினைவுக்கு வந்தது. சிறகுகளுக்குப் பதிலாக அழுக்குடல்கள். காவல் அதே காவல்.

என் மதிப்பில் படத்தின் உச்சம் இதுவே. ஆனால் படம் இதோடு நிற்கவில்லை. தீவின் விழாவில் விளக்கேற்றிய வைக்கோல் படகுகளைக் கடலில் விடுகிறார்கள். மறைந்தோரின் ஆவிகளை வீட்டுக்கு அழைத்து, உபசரித்து, விளக்கோடு வழியனுப்பும் ‘ஓபோன்’ மரபு ஜப்பான் முழுவதும் ஆகஸ்டு மாதத்தையொட்டிக் கொண்டாடப்படுவது; படத்தின் விழா அதை நினைவூட்டுகிறது. அன்றிரவு ஒரு சிறு படகு மோமோவிடம் வந்து சேர்கிறது. அதிலொரு தாள். மகளைக் குறித்துப் பெருமைப்படுவதாகத் தந்தையின் சில சொற்கள். வெற்றிடம் நிரம்பிவிட்டது. தாயும் மகளும் சேர்ந்து அழுகிறார்கள்.

நானும் அழுதேன், மறைப்பதற்கில்லை. ஆனால் மறுநாள் யோசித்தபோது ஒரு மனக்குறை எழுந்தது. மறுமொழி வந்துவிட்டது. நமக்கு வருவதில்லையே! இப்படம் குழந்தைகளுக்கும் உரியது. ஆகவே பதிலின்றி அவர்களை வீட்டுக்கு அனுப்ப இயக்குநருக்கு மனம் வரவில்லை போலும். அதைக் குற்றமெனச் சொல்ல மாட்டேன். ஆனால் உண்மைத் துயரத்தில் மறுமொழிப் படகு கரைசேர்வதில்லை. சேரும்படி வற்புறுத்துவதையும் திருமறை கண்டிக்கிறது. சவுல் அரசர் ஏன்தோரிலிருந்த குறிசொல்பவளிடம் இரவில் மாறுவேடத்தில் சென்று, மரித்த சாமுவேலை எழுப்பச் சொன்னதை நாம் அறிவோம். அவருக்குப் பதில் கிடைத்தது. கேட்டுத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

பதில் வராத இடத்தில் அன்பு என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானிலேயே வேறொரு சான்று உண்டு. வடகிழக்கே இவாத்தே மாநிலத்தில் ஓத்சுச்சி என்ற கடற்கரை ஊர். அங்கு ஒருவர் தம் உறவினரின் மரணத்துக்குப் பின், 2010-இல், தம் தோட்டத்தில் வெள்ளைத் தொலைபேசிக் கூண்டு ஒன்றை நிறுவினார். உள்ளே எண்களைச் சுழற்றும் பழைய கறுப்புத் தொலைபேசி. அதற்கு இணைப்புக் கம்பி கிடையாது. காற்றோடு பேச ஒரு தொலைபேசி. 2011 மார்ச் 11-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்த ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அதன்பின் ஆயிரக்கணக்கானோர் அக்கூண்டிற்கு வரத் தொடங்கினர். கடலோடு போய்விட்ட வீட்டின் எண்ணைச் சுழற்றிவிட்டு, ஒலிவாங்கியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். சிலர் பேசுகிறார்கள். சிலருக்குப் பேச்சு வருவதில்லை. மறுமுனையில் யாரும் இல்லை என்பதை அறியாதவர் எவருமில்லை.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல நமக்கு வாய் வருமா? மக்கபேயர் இரண்டாம் நூலில் யூதா மக்கபே என்ன செய்தார்? போரில் மாண்ட தம் வீரர்களின் ஆடைகளுக்குள் சிலைவழிபாட்டுத் தாயத்துகள் இருக்கக் கண்டார். அவர்களைக் கைவிட்டுவிடாமல், பணம் திரட்டிப் பாவம்போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார். மாண்டவர்களிடமிருந்து அவருக்கு நன்றிக் கடிதம் எதுவும் வரவில்லை. நாம் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மெழுகுதிரி ஏற்றி, உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காகப் பூசைக்குக் கொடுக்கிறோமே, நாமும் பதில் பெறுவதில்லை. அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

இவ்விடத்தில் ஒரு பழைய துயரத்தைச் சொல்லாமல் கடக்க முடியாது. அது நம் முன்னோருக்கு விசுவாசம் ஊட்டிய புனித சவேரியாரைப் பற்றியது. முத்துக்குளித்துறையில் நம் மக்களிடையே உழைத்த அவர் 1549 ஆகஸ்டு 15-இல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய நீண்ட மடலில், ஜப்பானில் புதிதாக மனந்திரும்பியோரின் பெருந்துயரம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். கிறிஸ்துவை அறியாமல் இறந்துபோன தம் பெற்றோருக்கும் மனைவி மக்களுக்கும் செபத்தினாலோ தருமத்தினாலோ ஏதேனும் உதவ முடியுமா என்று அவர்கள் கேட்டார்கள். வழியில்லை என்று அவர் சொன்னார். அவர்கள் அழுதார்கள், அழுகை ஓயவில்லை. தம் அன்பு நண்பர்கள் இவ்வாறு அழுவதைக் கண்டு தாமும் வருந்தியதாகச் சவேரியார் எழுதியிருக்கிறார். அவர் கற்ற இறையியல் அவருக்கு வேறு விடையைத் தரவில்லை. அவருடைய இதயமோ அவ்விடையால் நிறைவுறவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இல்லாவிடில் அந்தக் கண்ணீரை எழுதி வைத்திருப்பாரா?

திருச்சபை அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. தம் குற்றத்தாலன்றிக் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாதிருந்து, நேரிய உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின் வழி நடப்போர் மீட்படையக் கூடும் என்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில் கற்பித்தது. 1985-இல் ஜப்பானிய ஆயர்கள் முன்னோரையும் மரித்தோரையும் பற்றிக் கத்தோலிக்கருக்கென ஒரு கையேடே வெளியிட்டார்கள். பௌத்த உறவினரின் அடக்கச் சடங்கில் நறும்புகையிட்டு வணங்கலாமா என்பது போன்ற அன்றாடக் கேள்விகளுக்கு அதில் விடை உண்டு. யாமகுச்சியில் அழுதவர்களின் பேரர்கள் இதை வாசித்திருப்பார்களோ? நானூற்று முப்பது ஆண்டுகள் தாமதமாகச் சென்ற மடல் என்று இதைச் சொல்லலாம்.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் எதிர்நோக்கைப் பற்றி எழுதிய சுற்றுமடல் என் கேள்விக்கு இன்னும் அருகில் வருகிறது. மரித்த அன்பர்களுக்கு நன்றியோ நற்செயலோ, ஏன், மன்னிப்பு வேண்டுதலோ அனுப்பவேண்டும் என்ற ஏக்கம் யாருக்குத்தான் இராது என்னும் பொருள்பட அவர் அதில் எழுதுகிறார். இறைவன் முன்னிலையில் நம் உலகக் காலக்கணக்கு பொருளற்றது. ஆகவே இன்னொருவரின் உள்ளத்தைத் தொடுவதற்குக் காலம் கடந்துவிட்டது என்பதே இல்லை என்கிறார். மன்னிப்பு வந்து சேர்ந்தது என்பதற்கு இங்கும் ஒப்புகைச் சீட்டு இல்லை. கதவு அடைபடவில்லை என்பது மட்டும் சொல்லப்படுகிறது. எனக்கு அது போதுமா என்று கேட்டால், சில நாள் போதுகிறது, சில நாள் போதவில்லை.

இதைப் படித்தபின் அந்த வெள்ளைத் தாள் வேறுவிதமாகத் தெரிந்தது. நான்காம் வேற்றுமைக்குரிய பொருள்களைச் சொல்லவந்த நன்னூலார் கொடையையும் அதில் வைக்கிறார். பகையையும் அதிலேயே வைக்கிறார். ‘மோமோவுக்கு’ என்பதற்குப் பின் எதுவும் வந்திருக்கலாம். வெறுப்பு முற்றியவர் தாளை எடுத்து, பெயரை எழுதி, என்ன சொல்வதென்று தடுமாறிக் கைவிடுவாரா? சண்டைக்குப் பின் மகளிடம் பேச முயன்ற ஒரு தந்தையின் தடுமாற்றமே அந்த வெற்றிடம். பதில் படகு வருமுன்பே மோமோ கையில் வைத்திருந்தது அதுதான். அவளுக்குத்தான் அதை வாசிக்கத் தெரியவில்லை. புயலில் தாய்க்காக ஓடியபோது அவளுக்கு அந்தத் தாளைப் பற்றிய நினைப்பே இருந்திராது. எல்லாம் முடிந்தபின், தீவுச் சிறுவர் சிறுமியர் பாலத்திலிருந்து கடலில் குதித்து விளையாடும்போது, அதுவரை அஞ்சி ஒதுங்கி நின்ற மோமோவும் குதிக்கிறாள். தந்தையை விழுங்கிய அதே கடல்.

என் அண்ணன் எனக்கு எந்தத் தாளையும் விட்டுச்செல்லவில்லை. ஆனால் அவர் இறப்பதற்கு மூன்று நாள்களுக்கு முன் என்னை ஒருமுறை தொலைபேசியில் அழைத்திருக்கிறார், நான் எடுக்கவில்லை. பல ஆண்டுகளாக அந்த அழைப்பைக் குற்றச்சாட்டாகவே எண்ணியிருந்தேன். இவ்வாண்டு மரித்த விசுவாசிகளின் நினைவுநாள் பூசைக்கு அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். பூர்வீக வீட்டின் பத்திரத்தில் அண்ணியின் பெயரைச் சேர்க்கும் வேலை இன்னும் முடியவில்லை. வில்லங்கச் சான்றிதழ் வந்துவிட்டதாம். அடுத்த வாரம் அண்ணியை அழைத்துக்கொண்டு பத்திர எழுத்தரிடம் போக வேண்டும்.